காரில் சேசிஸ் நம்பர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சேசிஸ் நம்பரைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். காரில் அது எங்கே இருக்கும்?

பதில்: சேசிஸ் நம்பர் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க அடையாள நம்பர். அதை ஒரு இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். குறைந்தது மூன்று இடத்திலாவது பாருங்கள். முதலில் வெளியே நின்றபடியே முன்கண்ணாடியின் கீழ் மூலையைக் கவனியுங்கள். டாஷ்போர்டின் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று தெரியலாம். அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் இது இடது மூலையில் கட்டாயம். மற்ற கார்கள் பலவற்றிலும் உண்டு. அடுத்து, முன்கதவைத் திறந்து, கதவு மூடும்போது பூட்டு போய் மாட்டுகிற தூணைப் பாருங்கள். அங்கே ஸ்டிக்கரோ தகடோ இருந்தால், வண்டியின் எடை விவரங்களோடு நம்பரும் இருக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: பாடியின் இரும்பிலேயே பஞ்ச் அடித்த நம்பர். ஐரோப்பிய விதிப்படி இது வண்டியின் வலது பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் பல கார்களில் வலது முன்சீட்டுக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டைச் சின்னதாக வெட்டி விட்டிருப்பார்கள்; அதைத் தூக்கினால் நம்பர் தெரியும். சில கார்களில் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் தடுப்பாக நிற்கும் இரும்புச் சுவரில் (ஃபயர்வால்) இருக்கும், இல்லையென்றால் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வந்து உட்காரும் மேட்டில். பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (ஃப்ரேம்) உள்ள ஜீப், பிக்கப் வண்டிகளில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஃப்ரேமைப் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் இடத்தைப் படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

கேள்வி: நம்பர் பதிவுச் சான்றோடு பொருந்துகிறது. ஆனால் யாராவது மாற்றி அடித்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நம்பரைப் படிப்பதோடு நிற்காமல் அது இருக்கும் இரும்பைப் படியுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், இரும்பின் மேல் படுக்கவைத்தாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். தொழிற்சாலையில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல் இருக்கும். கையால் அடித்தால் ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழும்; ஏதாவது ஒன்று சாய்ந்து நிற்கும். அப்புறம் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நம்பரைச் சுற்றி மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தாலோ, கிரைண்டர் ஓடிய கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, சதுரமாக ஒரு வெல்டிங் தடம் தெரிந்தாலோ பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு வண்டியின் நம்பர் துண்டை வெட்டி இன்னொரு வண்டியில் ஒட்டவைப்பது திருடர்களின் பழைய வேலை. முடிந்தால் அதே இடத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். முன்பக்கத்தை நன்றாகத் தேய்த்து மறைத்தவர்கள் பின்பக்க வெல்டிங்கை அப்படியே விட்டிருப்பார்கள்.

கேள்வி: நம்பரை முழுக்கத் தேய்த்து அழித்துவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாதா?

பதில்: பல நேரம் முடியும். பஞ்ச் அடிக்கும்போது மேலே தெரிகிற பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதற்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேலே தேய்த்தாலும் அந்த நசுங்கல் கீழே மிச்சமிருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தைப் பளபளப்பாக்கி அமிலக் கரைசல் தடவுவார்கள். இறுகிய இடமும் இறுகாத இடமும் வேறு வேறு வேகத்தில் அரிபடுவதால் எழுத்துகள் மங்கலாக மேலே வரும். மிக ஆழமாகத் தேய்த்துவிட்டால்தான் கை விட வேண்டும்.

கேள்வி: பதிவுச் சான்றில் நம்பருக்கு நடுவில் ‘ஓ’ எழுத்து இருக்கிறது; காரில் பார்த்தால் பூஜ்யம் மாதிரி தெரிகிறது. எது சரி?

பதில்: காரில் இருப்பதுதான் சரி. 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் இடமே இல்லை. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்றுதான் அவற்றை விட்டார்கள். ஆகவே உங்கள் சான்றில் இருப்பது தட்டச்சுப் பிழை. பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரைக் கொண்டு திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த காரில் கதவின் ஓரத்திலும் பானெட்டின் உள்பக்கத்திலும் நம்பர் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. ஒரு கதவில் மட்டும் நம்பருக்குப் பதில் ‘ஆர்’ என்றும் ‘டி.ஓ.டி.’ என்றும் இருக்கிறது. திருட்டுக் கதவா?

பதில்: பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1984-ல் ஒரு சட்டம் வந்தது. திருடிய காரைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பதைத் தடுப்பதே நோக்கம். 1987 மாடல் முதல், அதிகம் திருடுபோகும் ரகங்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், பானெட், முன் ஃபெண்டர்கள், கதவுகள், பம்பர்கள், டிக்கிக் கதவு, பின்பக்கப் பேனல்கள் ஆகியவற்றில் நம்பர் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். திருட்டைத் தடுக்கும் கருவி பொருத்திய சில ரகங்களுக்கு இதிலிருந்து விலக்கும் உண்டு. ஸ்டிக்கரை முழுசாக உரிக்க முடியாது, கிழிந்துவிடும். உரித்த இடத்திலும் தடயம் மிஞ்சும்படி செய்திருப்பார்கள். கம்பெனி புதிதாக விற்கும் மாற்றுப் பாகம் எந்த வண்டிக்குப் போகும் என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால் அதில் கம்பெனியின் முத்திரையோடு, மாற்றுப் பாகம் என்பதற்கு ‘ஆர்’ என்றும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்க ‘டி.ஓ.டி.’ என்றும் போடுவார்கள். உங்கள் கதவு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்த விபத்தில் மாற்றினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கதவில் வேறொரு முழு நம்பர் இருந்தால் கதை வேறு. அது இன்னொரு காரிலிருந்து கழற்றியது. முறையாகப் பிரித்து விற்ற வண்டியாகவும் இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். பில் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் தனி நம்பர் உண்டு. சில கம்பெனிகள் எஞ்சின் பிளாக்கில் சேசிஸ் நம்பரின் கடைசிப் பகுதியையும் சேர்த்து அடிக்கின்றன.

கேள்வி: டயரிலும் கண்ணாடியிலும் உள்ள எண்கள்?

பதில்: அவை அந்தந்தப் பொருளின் தயாரிப்புக் குறிகள். கண்ணாடியில் 17 இலக்கமும் பொறித்திருந்தால் மட்டும் அது சேசிஸ் நம்பர்.

கேள்வி: இத்தனை இடத்தில் நம்பர் போடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள் கிடைத்த ஒரு முறுக்கிய இரும்புத் துண்டில் நம்பர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் அது வாடகைக்கு எடுத்த வேன் என்று தெரிந்தது. வேனை வாடகைக்கு எடுத்த ஆள், முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாடகை நிறுவனத்துக்கே வந்தபோது பிடிபட்டார். 1995-ல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பிலும் தூக்கியெறியப்பட்ட பின் ஆக்சிலில் இருந்த நம்பர்தான் லாரியை அடையாளம் காட்டியது.

கேள்வி: என் காரில் நம்பர் அடித்த இடமே துருப்பிடித்துவிட்டது. டிங்கரிங் வேலைக்கு விடப்போகிறேன். என்ன செய்வது?

பதில்: கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்கு முன் நம்பரைத் தெளிவாகப் படம் எடுங்கள். மேலே மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். துருவை மென்மையான பித்தளை பிரஷ்ஷால் நீக்கி, மெல்லிய ஒரு கோட் பெயின்ட் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். பட்டி பூசினால் பள்ளம் அடைந்துவிடும். அந்தத் தகட்டையே வெட்டி எடுக்கும் அளவுக்கு அரித்திருந்தால், வெட்டுவதற்கு முன் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.