ரெண்டர் ஏன் நிஜமாகத் தெரியவில்லை? வெளித்தோற்றப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

கட்டடங்களின் வெளிப்புற ரெண்டரை (கணினியில் 3டி மாடலிலிருந்து உருவாக்கும் படத்தை) நிஜப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. படத்தோடு கேட்டவர்களுக்கு, படத்தில் கண்டதையே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு மாடி வீடு. டெக்ஸ்சர் (மாடலின் பரப்பில் ஒட்டும் படங்கள்) எல்லாம் 4கே தெளிவு. ஆனாலும் பார்க்கிறவர்கள் "பொம்மை வீடு மாதிரி இருக்கு" என்கிறார்கள். இன்னும் பெரிய டெக்ஸ்சர் போடவா?

பதில்: வேண்டாம் தம்பி, டெக்ஸ்சரில் குறை இல்லை. பின்னால் நிற்கும் மரங்களை மங்கலாக்கியிருக்கிறீர்களே, அதுதான் வீட்டைச் சுருக்குகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டர் தொடங்கி அடிவானம்வரை எல்லாமே தெளிவாக விழும். சின்ன மாடலைக் கிட்டத்தில் வைத்து எடுக்கும்போதுதான் பின்னணி அப்படிக் கரையும். கண்ணுக்கு அது பழகிப்போன அடையாளம். இப்படி மங்கலாக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டை அணைத்துவிடுங்கள். கேமராவும் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. 1.6 மீட்டருக்கு இறக்குங்கள். வீட்டின் உச்சி வெட்டுப்பட்டால் கேமராவை அண்ணாத்தாமல் லென்ஸ் ஷிஃப்டைப் (கேமராவைச் சாய்க்காமல் காட்சியை மட்டும் மேலே நகர்த்தும் வசதியை) பயன்படுத்துங்கள். சுவர்கள் நேராக நிற்கும்.

கேள்வி: நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது என்றார்கள். மென்மையாக்கினேன். இப்போது மேகமூட்டம்போல் இருக்கிறது என்கிறார்கள். எதுதான் சரி?

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரி. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிக்குச் சற்று அதிகம், 0.53 டிகிரி. அதனால் நிழலைத் தரும் விளிம்புக்கும் அது விழும் இடத்துக்கும் எவ்வளவு தூரமோ, அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு நிழலின் ஓரம் மங்கும். அரை மீட்டர் தள்ளியிருக்கும் சன்ஷேடின் நிழலில் அரை சென்டிமீட்டர்; பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கைப்பிடிச் சுவரின் நிழலில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர். ஒரே படத்திலேயே கூர்மையும் மென்மையும் சேர்ந்து இருக்க வேண்டும். சன் லைட்டின் கோணத்தை 0.53 என்று கொடுத்தால் மென்பொருள் தானே பார்த்துக்கொள்ளும். எச்டிஆர்ஐ (காட்சிக்கு வெளிச்சம் தரும் வானத்தின் சுற்றுப்படம்) மட்டும் போட்டிருந்தால், அதில் சூரியனின் முழுப் பிரகாசம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் அது வெட்டுப்பட்டிருக்கும்; நிழல் சோர்ந்துபோவது அதனால்தான்.

கேள்வி: வெள்ளைச் சுவரில் வெயில் பட்டதும் பூச்சு விவரமே தெரியாமல் வெளுத்துவிடுகிறது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் மற்றதெல்லாம் இருட்டு.

பதில்: சுவரின் நிறத்தை 255, அதாவது முழு வெள்ளை என்று வைத்திருப்பீர்கள். நல்ல வெள்ளை பெயிண்டே விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். எஸ்ஆர்ஜிபி அளவில் (திரை நிறங்களுக்கான வழக்கமான 0 முதல் 255 வரையான அளவு) அது 231 போல வரும். புதுத் தார்ச் சாலை 5 சதவீதம், தேய்ந்து வெளுத்தது 10 முதல் 15. இந்த அளவுகளைச் சரிசெய்த பிறகு எக்ஸ்போஷரைத் தொடுங்கள். உங்கள் 3டி மென்பொருள் பிளெண்டர் என்றால் 2023-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ்தான் இயல்பான வியூ டிரான்ஸ்ஃபார்ம் (காட்சியின் வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றும் முறை). அதை ஸ்டாண்டர்டுக்கு மாற்றியிருந்தால் திரும்ப வையுங்கள்.

கேள்வி: சார், வாடிக்கையாளர் நடுப்பகல் காட்சியிலும் ஜன்னல்கள் மஞ்சளாக ஒளிர வேண்டும் என்கிறார். போட்டால் பொய்யாகத் தெரிகிறது. போடாவிட்டால் கண்ணாடி கறுப்புப் பலகை.

பதில்: உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம். விளக்குப் போட்ட அறையில் சில நூறு. அந்த மஞ்சள் தெரிய வழியே இல்லை. அவருக்கு மஞ்சள்தான் வேண்டும் என்றால், சூரியன் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து வரும் நீல வெளிச்சத்தில் ஒரு காட்சி கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

பகல் கண்ணாடிக்கு உயிர் கொடுப்பது பிரதிபலிப்பு. நேராகப் பார்த்தால் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் 4 சதவீதம்போல் திருப்பும். பக்கவாட்டில் சாயச் சாய அது வேகமாக ஏறும். உங்கள் காட்சியில் கேமராவுக்குப் பின்னால் வெறும் தரைதான் இருக்கிறது. பின்னே கண்ணாடி எதைக் காட்டும்? அங்கே நாலு மரம், எதிர்ச் சாரிக் கட்டடங்கள் வையுங்கள். எளிய பெட்டிகள்கூடப் போதும். பிறகு ஒவ்வொரு கண்ணாடியையும் கால் டிகிரிக்குள் வெவ்வேறு பக்கம் திருப்புங்கள். நிஜத்தில் எந்த இரண்டு கண்ணாடியும் ஒரே தளத்தில் உட்கார்வதில்லை. பிரதிபலிப்பு சட்டத்துக்குச் சட்டம் உடைந்து தெரியும். உள்ளே பாதி இழுத்த திரைச்சீலை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வெளித்தோற்றத்தில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் இடம் வேறில்லை என்பது என் கருத்து.

கேள்வி: புல் பிளாஸ்டிக்போல் இருக்கிறது.

பதில்: இலைக்குள் ஒளி ஊடுருவ டிரான்ஸ்லூசென்ட் சேருங்கள், பச்சையின் செறிவைக் குறையுங்கள், காய்ந்த புல்தாள்களைக் கலந்து விடுங்கள்.

கேள்வி: கருத்துக் கேட்டால் பாதிப் பேர் "சூப்பர்" என்கிறார்கள், மீதிப் பேர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "சூப்பர்" என்றுதான் வரும். "இது எத்தனை மணிக் காட்சி?", "முதலில் கண் எங்கே போனது?", "சுவர் எந்தப் பொருள்?" என்று கேளுங்கள். நீங்கள் மாலை நாலரை என்று நினைத்ததை நாலு பேர் மதியம் என்றால், வேலை வெளிச்சத்தில் இருக்கிறது.

குறை இருக்கும் இடத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சரியாகக் காட்டிவிடுவார்கள். மருந்துதான் மாறிப்போகும். "செங்கல்லுக்கு பம்ப்பைக் (பரப்பின் மேடுபள்ளத் தோற்றத்தை) கூட்டு" என்று மூன்று பேர் சொன்னால், செங்கல்லில் ஏதோ உறுத்துகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கல்லின் அளவாக இருக்கலாம், மூலையில் வரி திரும்பாமல் அறுந்திருக்கலாம், விளிம்பில் மூன்று மி.மீ. பெவல்கூட (கூர்முனையை மழுக்கும் சரிவு) இல்லாததாக இருக்கலாம்.

இன்னொன்று, முடித்த படத்தைக் கொண்டுவராதீர்கள். மெட்டீரியல் எதுவும் போடாத சாம்பல் ரெண்டரிலேயே கேமராவையும் வெயிலையும் காட்டிக் கேளுங்கள். பக்கத்தில் அதே நேரத்து, அதே வகைக் கட்டடத்தின் புகைப்படம் ஒன்றை வையுங்கள். அது இருந்தால் பேச்சு ரசனையை விட்டுவிட்டு ஒப்பீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போதும் இடம், கண்டது, நிஜத்தில் எப்படி இருக்கும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். "லைட்டிங் சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து அவர் எதையும் திருத்த முடியாது.

கேள்வி: அழுக்கு மேப் (சுவரில் கறை காட்டும் படம்) போட்டும் இயல்பாக இல்லை, ஏன்?

பதில்: சுவர் முழுக்க ஒரே அளவில் பூசியிருக்கிறீர்கள். மழைநீர் எங்கே இறங்கும் என்று யோசியுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு, ஜன்னல் அடித்தளத்தின் இரு முனைகள், தண்ணீர்க் குழாயின் வாய், இங்கெல்லாம் கோடு வழியும். தரையை ஒட்டிய அடிச்சுவரில் மண் தெறிக்கும். சன்ஷேடின் நேர் கீழே தண்ணீர் படாது, அங்கே வழிசல் வேண்டாம்.

கேள்வி: கட் அவுட் மனிதர்களை (புகைப்படத்திலிருந்து வெட்டி எடுத்தவர்களை) வைத்தால் மிதக்கிறார்கள்.

பதில்: சமதரையில் கேமரா 1.6 மீட்டரில் இருந்தால், நிற்கும் பெரியவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர்கள் கண்கள் அடிவானக் கோட்டை ஒட்டியே வரும். முதலில் அதைப் பொருத்துங்கள். பிறகு அவர்கள் முகத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் சூரியனோடு ஒத்துவராத ஆளை எடுத்துவிடுங்கள். பாதத்தடியில் தொடும் நிழல் இல்லாவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மிதக்கத்தான் செய்வார்கள்.