கொரியப் போரில் பிரிந்த அண்ணன் தம்பிகள் மீண்டும் சந்தித்தார்களா?

சிலர் சந்தித்தார்கள், பெரும்பாலோருக்கு அது வாய்க்கவில்லை. 1953இல் சண்டை ஓய்ந்ததே தவிர, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அண்ணன் வடக்கே, தம்பி தெற்கே என்றால் ஒரு கடிதம்கூடப் போட வழியில்லை.

தெற்குக்குள்ளேயே தொலைந்தவர்கள் கதை வேறு. 1983இல் தென் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க 138 நாட்கள் நேரலை நடத்தியது. பெயர், சொந்த ஊர், கைவிட்டுப் போன இடம் எல்லாம் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மக்கள் நின்றார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

எல்லை தாண்டிய சந்திப்புகள் 1985இல் ஒருமுறை நடந்தன, பிறகு 2000இல்தான். அதற்கும் தெற்கில் குலுக்கல்! கூடப் பிறந்தவனைப் பார்க்கச் சீட்டு விழ வேண்டும். சில மணி நேரப் பேச்சு; பிறகு பஸ் ஜன்னல் கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கைகள். கடைசியாக நடந்தது 2018 ஆகஸ்டில்.