மாங்காயும் சக்கையும் (பலாவும்) ஒரே மரத்தில் காய்க்குமா?

கேள்வி: குமரி மாவட்டம் திருவட்டாறு அருகே எனக்கு 40 சென்ட் விளை (தோட்டம்) உள்ளது. ஒரே மரத்தில் மாங்காயும் வருக்கைச் சக்கையும் காய்க்கும் 'மாப்பலா' என்னும் புது இனம் என்று சொல்லி, வீடு தேடி வந்த வியாபாரி ஒருவர் ஒட்டுக்கன்று ஒன்றுக்கு 900 ரூபாய் கேட்கிறார். பத்துக் கன்றுகள் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அப்படியொரு மரம் கிடையாது.

ஒட்டுக் கட்டும்போது இரு தண்டுகளிலும் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்திசு ஒன்றோடொன்று கலந்து, நீரும் உணவும் கடந்து செல்லும் வழி உண்டானால்தான் மேல்தண்டு பிழைக்கும். நெருங்கிய உறவுள்ள மரங்களுக்கிடையேதான் இது நிகழும். மாமரம் கொல்லா (முந்திரி) மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பலாவோ அயனி, ஈரப்பலா, ஆல், அத்தி ஆகியவற்றின் குடும்பம். இவ்வளவு விலகிய இரண்டும் ஒட்டாது.

பிறகு தாங்கள் பார்த்த கன்று எப்படிப் பசுமையாக நிற்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒரே பையில் ஒரு மாங்கன்றும் ஒரு பலாக்கன்றும் நட்டு, தண்டுகளைச் சேர்த்து நாடாவால் சுற்றியிருப்பார்கள். இரண்டும் தத்தம் வேரில்தான் வாழ்கின்றன. நாடாவை அவிழ்த்து, இரு தண்டுகளையும் நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிவது பலா. இலையைக் கசக்கினால் மாங்காய் மணப்பது மா. மா கிளை நுனியிலும் பலா அடிமரத்திலும் காய்ப்பதால், வியாபாரி காட்டும் படம் மட்டும் மிகப் பொருத்தமாகத் தோன்றும், அவ்வளவே.

ஒரு மரத்தில் பல சுவை வேண்டுமென்றால், மாமரத்தில் மாவையே ஒட்டலாம்: நாட்டு மரமொன்றின் கிளைகளில் செங்கவருக்கையும் வேறு மா இரகங்களும் கட்டினால், அவை தத்தம் குணத்தோடு காய்க்கும். சக்கைக்கு, முளகுமூடு நாட்டுப் பலாவிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பேச்சிப்பாறை 1 இரகத்தைப் பரிந்துரைக்கிறேன். அது ஆண்டுக்கு இரண்டு பருவம் காய்க்கக்கூடியது. கன்று கிடைக்குமா என்பதைப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம்.

தென்னையோ ரப்பரோ இல்லாத விளையெனில், 8 மீட்டர் இடைவெளியில் 40 சென்டில் ஏறக்குறைய 25 மரங்கள் வரை நிற்கும். பத்துக் கன்றுகளுக்குத் தாராளமான இடம். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் பலாவின் வேருக்குப் பெரும்பகை தேங்கும் தண்ணீர்தான் என்பதால், குழியைச் சுற்றிலும் நீர் வடிய வழி செய்யுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் தெரியும்படி நட்டு, அதற்குக் கீழிருந்து தளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் மேல்தண்டு நலிந்து, தாங்கள் விலை கொடுத்து வாங்காத வேர்க்கன்றே மரமாகிவிடும்.