லினக்ஸ் போட்டால் வைஃபை கெட்டுவிடுமா?

கேள்வி: மகனின் கல்லூரிப் படிப்புக்காக எங்கள் பகுதிக் கடை ஒன்றில் ஆறு மாத வாரண்டியோடு பழைய லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று கேள்விப்பட்டு, மகன் அதை அழித்துவிட்டு நண்பனின் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் போட்டான். அன்றிலிருந்து வைஃபை பெயர்கள் எதுவுமே வருவதில்லை. கடைக்காரரோ, “லினக்ஸ் போட்டதால் கார்டு போய்விட்டது, அதோடு வாரண்டியும் போய்விட்டது. யூஎஸ்பி அடாப்டர் ஒன்று தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: இப்போதைக்குப் பர்ஸைத் திறக்காதீர்கள். ஓர் இயங்குதளத்தை அழித்து இன்னொன்றைப் போடுவதால் வைஃபை கார்டு கருகிவிடாது. கார்டு அப்படியேதான் இருக்கும். பெரும்பாலும், அதை இயக்குகிற மென்பொருளான டிரைவர்தான் இல்லாமல் போயிருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கடைக்காரர்களும் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடப் பழகிவிட்டார்கள். தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த லேப்டாப்களிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. யாருடைய கார்டும் அதனால் போகவில்லை.

முதலில் லேப்டாப்பின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பழைய டெல் லாட்டிட்யூட், திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிட்டால், எந்த மென்பொருளாலும் வைஃபையை எழுப்ப முடியாது. எச்.பி. லேப்டாப்களில் விமானப் படம் போட்ட பொத்தானில் ஆரஞ்சு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வைஃபை அணைந்திருக்கிறது.

ஸ்விட்ச் சரியாக இருந்தால், அடுத்த தேவை தற்காலிகமாக ஓர் இணைய இணைப்பு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவான கேபிள் இதற்கு உதவாது.

பிறகு, கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டரைத் தட்டச் சொல்லுங்கள். வருகிற பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற சொற்கள் உள்ள வரியில்தான் கார்டின் உண்மையான பெயர் இருக்கும். இன்டெல் என்றிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் உண்டு.

ரியல்டெக் என்றிருந்தால் கெர்னலின் வயதைப் பார்க்க வேண்டும். மலிவு லேப்டாப்களில் அதிகம் காணப்படும் 8821சிஇ சில்லுக்கான டிரைவர் 5.9 கெர்னலில்தான் சேர்ந்தது, 8852பிஇ-க்கு 6.2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் மின்ட் 20 வந்தபோது அதிலிருந்தது 5.4. மின்ட் 22-இல் இருப்பது 6.8. நண்பரின் பென்டிரைவில் எந்தக் காலத்துப் பதிப்பு இருந்ததோ! புதிய பதிப்பைப் போட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிராட்காம் என்றிருந்தால் மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, அது காட்டும் டிரைவரை நிறுவுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அறிமுகமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் ‘செக்யூர் பூட்’ லேப்டாப்பில் இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து, பத்து நொடி எண்ணிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிட்டால் டிரைவர் நிறுவியும் வைஃபை வராது. “எல்லாம் செய்தும் வரவில்லை” என்று கடைக்குப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில் நின்றவர்கள்தான்.

பட்டியலில் அந்த வரியே இல்லையா? லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் சரியாக இருந்தால், கார்டு தளர்ந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம், சில மலிவு மாடல்களில் அது வேறு வழியில் இணைக்கப்பட்டும் இருக்கலாம். கடைக்காரரிடம் கொண்டுபோய், விண்டோஸ் உள்ள அவருடைய டிஸ்க் ஒன்றைப் போட்டு உங்கள் கண் முன்னால் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

விண்டோஸில் வைஃபை வேலை செய்தால் கடைக்காரர் மேல் உங்களுக்கு வழக்கில்லை. அவர் விற்றது விண்டோஸ் லேப்டாப். லினக்ஸில் ஓடும் என்று அவர் சொல்லவில்லை. அதிலும் வேலை செய்யவில்லை என்றால் கதை வேறு. மென்பொருளை மாற்றியதைக் காட்டி வன்பொருள் பழுதிலிருந்து அவர் நழுவ முடியாது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே?

கேள்வி: லினக்ஸுக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எந்த பிராண்டு நல்லது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பிராண்டைக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள், உள்ளே என்ன சில்லு என்று கேளுங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் சில்லு. லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக். பெயர் ஒன்று, தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. அடாப்டரின் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்தான் வித்தியாசத்தைச் சொல்லும். இணையத்தில் “லினக்ஸில் அருமையாக ஓடுகிறது” என்று பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் போகிறவர் கையில் கிடைப்பது வேறு பொருள்.

பெட்டியின் மேல் பென்குயின் படமோ ‘லினக்ஸ் ஆதரவு’ என்ற வாசகமோ இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பல நேரங்களில் அதற்குப் பொருள், என்றோ ஒரு பழைய கெர்னலுக்கு எழுதிய டிரைவரின் மூல நிரலைத் தருகிறார்கள் என்பது மட்டுமே. அதை நீங்களே தொகுத்து நிறுவ வேண்டும். கெர்னல் அப்டேட் ஆனால் மறுபடியும் மல்லுக்கட்ட வேண்டும்.

சில நூறு ரூபாயில் வேலை முடிய வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7601யு சில்லு உள்ளதைக் கேளுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் தொல்லை தராது. 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையும் வேண்டும் என்றால் எம்டி7612யு. இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. சில அடாப்டர்கள் செருகியதும் சிடி டிரைவ் போலத் தோன்றி, உள்ளே விண்டோஸ் டிரைவரைக் காட்டும். அந்த ‘டிஸ்க்’கை எஜெக்ட் செய்தால் அது அடாப்டராக மாறிவிடும், பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

லேப்டாப்பைக் கழற்றத் தயங்காதவர் என்றால், உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவது இதைவிட நல்லது. இன்டெல் ஏஎக்ஸ்210 கேளுங்கள். ஏஎக்ஸ்211 என்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது அதற்கென்று அமைந்த இன்டெல் பிராசஸர் லேப்டாப்களில் மட்டுமே ஓடும். கார்டைக் கழற்றும்போது கருப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் கையோடு வரும். அவற்றின் நுனிகள் கடுகைவிடச் சற்றுப் பெரியவை, அழுத்தி நசுக்கிவிட்டால் சிக்னல் போய்விடும். கார்டு மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட லேப்டாப் என்றால் அடாப்டர்தான் வழி.

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. போனில் முழு வேகம் வருகிறது, உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் 20-ஐத் தாண்டுவதில்லை. ரௌட்டரின் ‘5ஜி’ என்று முடியும் பெயர் லேப்டாப்பில் தெரிவதே இல்லை. 200-க்கு மாறினால் சரியாகும் என்கிறார் இணைப்புக்காரர்.
– வாசகர், ராயபுரம்

பதில்: மாறாதீர்கள். போனில் முழு வேகம் வருகிறதென்றால் இணைப்பில் குறையில்லை. அந்த ‘5ஜி’ என்பது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. உங்கள் லேப்டாப் கார்டு 2.4 மட்டுமே பிடிக்கும் ரகமாக இருக்கலாம். பிராட்காம் 43142, ரியல்டெக் 8723 போன்றவை அப்படித்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் அத்தனை ரௌட்டரும் 2.4-இல்தான் முண்டியடிக்கின்றன, ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே. மேலே சொன்ன இரட்டை அலைவரிசை அடாப்டர் போதும். ரௌட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் லான் கேபிள் இன்னும் மலிவு.

கேள்வி: ஆன்லைனில் ‘லினக்ஸில் இயங்கும்’ என்று போட்டிருந்ததை நம்பி அடாப்டர் வாங்கினேன், இயங்கவில்லை. ‘மாற்றித்தான் தருவோம், பணம் கிடையாது’ என்கிறார்கள்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அந்த விவரப் பக்கம் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். போன் பேச்சில் முடித்துக்கொள்ள வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.