இறங்கித் தள்ளலாமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் போன வருடம் ஒரு மௌண்டன் பைக் வாங்கினேன். இப்போது ஒரு படி மேலே போய், அடுத்த மாதம் நடக்கும் ஆஃப்-ரோடு ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அரைத் தூரம்தான். 750 மீட்டர் நீச்சல், 15 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு வயது 41. ஓட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டு அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். நீச்சல் 38 வயதில் கற்றுக்கொண்டது, அதுவும் நீச்சல் குளத்தில். ஏரியில் இறங்கி அடி தெரியாத தண்ணீரைப் பார்த்ததும் மூச்சு அடைக்கிறது. சைக்கிளில் பாறையும் வேரும் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். எங்கள் குழுவில் ஒருவர், "தள்ளிக்கொண்டு போக எதற்குப் போட்டி, பார்க்கில் நடந்துவிட்டு வரலாமே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து மனசு சரியில்லை. பெயரைத் திரும்பப் பெற்றுவிடலாமா? நீங்கள் முதல் தடவை போனபோது எப்படி இருந்தது?

அன்புடன்,
ஒரு வாசகி, அட்லாண்டா

அன்புள்ள தங்கைக்கு,

திரும்பப் பெறாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தள்ளுவதைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. காட்டுப்பாதை ட்ரையத்லானில் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பது, ஓடுவது, தோளில் தூக்கிக்கொண்டு போவது எல்லாமே விதிகளில் இருப்பவை. சங்கிலி அறுந்துவிட்டால்கூட, சைக்கிளை விட்டுவிடாமல் தள்ளிக்கொண்டே வந்து முடிக்கலாம். முடித்ததாகவே கணக்கு. ஒரே ஒரு மரியாதை உண்டு: ஓட்டிக்கொண்டு வருபவருக்கு, தள்ளிக்கொண்டு போகிறவர் வழிவிட வேண்டும். தள்ளுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு விதியே இருக்கிறது என்றால், அவர்கள் இல்லாமல் இந்தப் போட்டியே நடப்பதில்லை என்றுதானே பொருள்?

இந்த விளையாட்டு பிறந்த இடம் அப்படி. 1996-இல் ஹவாயின் மாவி தீவில் முதல் பந்தயம் நடந்தது. அப்போது அதன் பெயர் அக்வாடெரா, எக்ஸ்டெர்ரா என்ற இன்றைய பெயர் அதற்குப் பிறகு வந்தது. கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்திவிட்டு ஹாலேயாகலா எரிமலையின் சரிவில் சைக்கிள் ஓட்ட வேண்டும். உறைந்துபோன எரிமலைக் குழம்பின் உதிரிக் கற்கள் பாதை முழுக்கக் கிடக்கும். தார்ச்சாலை ட்ரையத்லானில் கால் பலம் இருந்தால் மீதியைச் சாலை பார்த்துக்கொள்ளும். இங்கே பாதை நமக்கு எதையும் பார்த்துக்கொள்ளாது. எங்கே ஓட்டுவது, எங்கே இறங்குவது என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் முதல் பந்தயம் அலபாமாவில், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ஓக் மௌண்டன் பூங்காவில் நடந்தது. மே மாதம். நீச்சல் டபுள் ஓக் ஏரியில். நான் கிணற்றில் நீச்சல் கற்றவன், அதனால் அடி தெரியாத தண்ணீர் எனக்குப் புதிதில்லை. பயமெல்லாம் சைக்கிளில்தான் வந்தது. அந்த மலையில் ப்ளட் ராக் என்று ஓர் இடம் இருக்கிறது. ரத்தப் பாறை. ஒற்றையடிப் பாதை திடீரென்று பாறைப் படிகளாக உடைந்து கீழே இறங்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள்.

பந்தயத்துக்கு முன்பு இரண்டு முறை அந்த இடத்தைப் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் இறங்கித் தள்ளினேன். பந்தயத்தன்றும் தள்ளுவது என்றுதான் முடிவு. ஆனால் அங்கே பத்து இருபது பேர் நின்று மணி அடித்து ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் முடிவை மாற்றிக்கொண்டேன். முதல் படி இறங்கிவிட்டது. இரண்டாவது படிக்குக் கீழே வெளிறிய கல் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதில் மோதக் கூடாது, மோதக் கூடாது என்று அதையே பார்த்தேன். பார்வை போகும் இடத்துக்குத்தான் சக்கரமும் போகும். பதறிப் பிரேக்கைப் பிடித்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். இடது கையைப் பிடித்தால் முன்சக்கரம் நிற்கும். இங்கே எத்தனையோ வருடம் ஓட்டியாகிவிட்டது, சாதாரணமாக ஓட்டும்போது குழப்பம் வந்ததே இல்லை. ஆனால் பதற்றத்தில் கை பத்து வயதில் படித்த பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. பின்சக்கரம் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன். முன்சக்கரம் கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை.

முழங்கையும் தோளும் பாறையில் உரசின. பெரிய அடி இல்லை. தலைக்கவசத்தில் ஒரு கீறல். எழுந்து பார்த்தால் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அப்போது எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண்மணி பாறைக்குப் பத்தடி முன்பாகவே இறங்கிவிட்டார். இங்கே போட்டியாளர்களின் வயதைக் கெண்டைக்கால் சதையில் மார்க்கரால் எழுதிவிடுவார்கள். அவர் காலில் 63 என்று இருந்தது. சைக்கிளைத் தன் வலது பக்கம் வைத்துக்கொண்டு, பாறையின் ஓரமாக, மாடிப்படி இறங்குகிற மாதிரி குறுகிய அடிகளாக ஓடி இறங்கினார். என்னருகே வந்து நின்று, "எலும்பு எதுவும் வலிக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு என் முன்சக்கரத்தைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தார். ஹேண்டில்பாரை ஒரே இழுப்பில் நேராக்கினார். பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். அரை நிமிடம் ஆகியிருக்கும். தன் சைக்கிளில் ஏறி வளைவைத் தாண்டிப் போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் எட்டிப் பிடிக்கவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் இறங்கிய விதம்தான் நினைவுக்கு வந்தது. அவரும் இறங்கினார், நானும் இறங்கினேன். அவர் தானாக இறங்கினார், என்னைப் பாறை இறக்கியது. இந்த விளையாட்டில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது அதுதான். அதனால் நீங்கள் இறங்குவதை விட்டுவிட வேண்டாம், இறங்குவதைப் பழகுங்கள். இப்போது எப்படி இறங்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாறைக்கு மிக அருகே வந்து, தயங்கி, வேகம் செத்து, ஒரு காலை ஊன்றி, அப்படித்தானே? அதைப் பத்தடி முன்பே முடிவு செய்யுங்கள். சங்கிலி வலது பக்கம் இருப்பதால் இடது பக்கமாக இறங்குங்கள். இறக்கத்தில் தள்ளும்போது ஒரு விரல் பின்சக்கரப் பிரேக் மேலேயே இருக்கட்டும். அப்புறம் திரும்ப ஏறுவது. முக்கால்வாசிப் பேர் நேரத்தை இழப்பது அங்கேதான். இறங்கும் முன்பே கியரை இலேசாக்கி வைத்துவிட்டால் மேட்டிலும் ஏறி மிதிக்க முடியும். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் தினமும் இருபது முறை இறங்கி ஏறிப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

ஃப்ளோரா டஃபி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெர்முடாவைச் சேர்ந்த ட்ரையத்லான் வீராங்கனை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் பந்தயத்தை முடிக்கவில்லை. 2012 லண்டனில் சைக்கிளில் விழுந்து 45-ஆவதாக வந்தார். பிறகு காட்டுப்பாதைக்கு வந்து 2014 முதல் 2017 வரை நான்கு வருடமும் தொடர்ந்து எக்ஸ்டெர்ரா உலகப் பட்டத்தை வென்றார். 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் பெண்கள் பந்தயம் மழையால் 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நனைந்து வழுக்கிய சாலையில் பலர் விழுந்தார்கள். அவர் விழவில்லை. பெர்முடாவுக்கு முதல் ஒலிம்பிக்ஸ் தங்கம் அன்றுதான் கிடைத்தது. அந்த ஈரச்சாலையில் அவர் சைக்கிள் அவ்வளவு நிதானமாகப் போனதற்குக் கல்லிலும் சேற்றிலும் ஓட்டிய வருடங்கள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரி, ஏரிக்கு வருவோம். மூச்சு அடைப்பது உங்கள் நீச்சலில் உள்ள குறை இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உடம்பு தானாக மூச்சை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது அடங்கிவிடும். ஆகவே, பந்தயம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கி முகத்தை நனையுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக, நீளமாக ஊதுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முழுக்க ஊதிவிட்டால் மூச்சு தானாக உள்ளே வரும். தொடக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்காதீர்கள். ஓரமாக, கடைசி வரிசையில் நில்லுங்கள். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி மிதவையைப் பாருங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அது உங்களை முன்னால் இழுத்துக்கொண்டு போகாத வரை தகுதி நீக்கம் கிடையாது. கையை உயர்த்தினால் வருவார்கள். பந்தயத்துக்கு முன் கரையில் நின்று கயாக்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி எண்ணி வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் தொடாமலே நீந்தி முடித்தார்.

தனியாக மட்டும் ஏரியில் பழகாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மறப்பது இது. கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக வையுங்கள், மணலோடு காலுறை போட்டால் ஓட்டத்தில் தோல் உரிந்துவிடும். டயரில் காற்றைக் குறையுங்கள். டியூப் இல்லாத அகல டயராக இருந்து, உங்கள் எடை 60 கிலோ அளவில் இருந்தால், 20 பிஎஸ்ஐ பக்கம் தொடங்கிப் பாருங்கள். டியூப் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். ஓட்டத்தில் முதல் ஒரு கிலோமீட்டர் கால் உங்களுடையது மாதிரியே இருக்காது. சைக்கிளில் இருந்து இறங்கியதும் பத்து நிமிடம் ஓடுவதை வாரம் ஒரு முறையாவது செய்யுங்கள். வேர்கள் உள்ள இடத்தில் தார்ச்சாலையில் ஓடுவதுபோலக் காலை இழுத்து ஓட வேண்டாம், தூக்கி வையுங்கள்.

உங்கள் நண்பர் மேல் வருத்தம் வேண்டாம். அவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஓக் மௌண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பந்தயத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாக இருந்தால் எழுதுங்கள். வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ரத்தப் பாறை வரை போய் வரலாம். அங்கே நான் இப்போதும் பத்தடி முன்பாகவே இறங்கிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்