மகனின் கணக்கில் எந்தப் பிறந்த திகதி இருக்கிறது?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகனுக்கு 13 வயது, தரம் 8 படிக்கிறான். தகப்பன் கட்டாரில். அவர் அனுப்பிய போன்தான் மகனிடம் இருக்கிறது. நான் கார்மென்ற் வேலைக்குப் போனால் வீட்டில் அம்மம்மா மட்டும். இரவு 12 மணி தாண்டியும் ரிக்ரொக் பார்க்கிறான். மெல்பேணில் இருக்கிற அக்கா, அங்கே 16 வயதுக்குக் கீழே தடை, தன் மகளின் கணக்கையே மூடிவிட்டார்கள் என்று சொல்கிறா. எங்கள் அரசாங்கமும் அப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தால் நிம்மதி. அதுவரை போனைப் பறித்து வைக்கட்டுமா? வீட்டுப்பாடமும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது."

பறிக்க வேண்டாம், தங்கச்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மகனுடைய ரிக்ரொக் கணக்கில் என்ன பிறந்த திகதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் போன் கடையிலேயே கணக்கும் திறந்து கொடுத்துவிடுவார்கள், கடையில் நிற்கிற தம்பி கைக்கு வந்த வருடத்தைப் போட்டிருப்பார், இல்லாவிட்டால் மகனே 2000 ஆம் ஆண்டு என்று போட்டிருப்பான். அப்படியென்றால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் பிள்ளை ஒரு வளர்ந்த ஆள். பிள்ளைகளுக்கென்று அவர்கள் ஏற்கனவே வைத்திருக்கிற பாதுகாப்பு ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்காது.

அக்கா சொன்னது சரிதான். அவுஸ்திரேலியாவில் 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம், 2025 டிசம்பர் 10 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ரிக்ரொக், முகநூல், இன்ஸ்ரகிராம், ஸ்னப்சட், யூரியூப் போன்றவற்றில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் தடை கணக்குக்குத்தான். யூரியூப்பைக் கணக்கு இல்லாமல் திறந்து பார்க்கலாம், வட்ஸ்அப் இந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. தண்டம் நிறுவனத்துக்கு மட்டும், 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை. பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ தண்டனை கிடையாது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்: விடிய எழும்பி வேலைக்கு ஓடுகிற ஒரு தாய் அவ்வளவு பெரிய நிறுவனத்தோடு தனியாக மல்லுக்கட்ட முடியாது, வகுப்பில் எல்லாரும் வைத்திருக்கும்போது தன் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்று சொல்லவும் முடியாது. தடை வேண்டும் என்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பெரியவர்களின் வயதையும் சோதிக்க வேண்டிவரும், முகத்தைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்பார்கள். சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டி நீட்டியே காலம் கழித்த சனம் நாங்கள். அந்த விபரம் எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள் என்று தெரியாமல் நான் ஆதரிக்க மாட்டேன். இன்னொன்று, 2018 இலும் 2019 இலும் 2022 இலும் இங்கே அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது சனம் வீபீஎன் என்கிற, தடையைச் சுற்றிப் போக உதவும் செயலியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனது. பிள்ளைகள் அதை எங்களைவிட வேகமாகச் செய்வார்கள், அதுவும் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச வீபீஎன்னில்.

இலங்கையில் 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளைகள் கணக்கு வைத்திருக்க வயதெல்லை எதுவும் இல்லை. வரும் என்று காத்திருக்காமல் இந்தக் கிழமையே செய்யக்கூடியது இருக்கிறது.

மகனைப் பக்கத்தில் இருத்தி, அவனுக்குத் தெரியத் தெரிய, பழைய கணக்கை அழித்துவிட்டு உண்மையான பிறந்த திகதியோடு புதிதாகத் திறவுங்கள். அவன் போட்ட வீடியோக்களை முதலில் போனில் இறக்கி வைக்கட்டும், அது அவனுடைய உழைப்பு. அழித்த கணக்கு 30 நாளுக்குள் திரும்பவும் உள்ளே போனால் உயிர்பெறும், அதனால் அந்த ஒரு மாதம் கண் வைத்திருங்கள். ரிக்ரொக்கில் 13 தொடக்கம் 15 வயதுவரை கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், தனிச் செய்தி அனுப்பவோ வாங்கவோ முடியாது, நேரலை 18 வயதுக்குப் பிறகுதான், ஒரு நாளைக்கு 60 நிமிடம் என்ற எல்லையும் இருக்கும். அந்த எல்லையை அவனே கடவுச்சொல் போட்டுத் தாண்டலாம் என்பதால், உங்கள் போனிலும் ரிக்ரொக்கைப் போட்டு 'பமிலி பெயாரிங்' (Family Pairing) என்ற வசதி மூலம் உங்கள் கணக்கையும் அவனுடைய கணக்கையும் இணையுங்கள். பிறகு எல்லை உங்கள் கையில்.

நள்ளிரவுப் பிரச்சினைக்கு டேட்டா பக்கேஜையும் பாருங்கள். பகலுக்குக் கொஞ்சம், நள்ளிரவுக்குப் பிறகு நிறைய என்று பிரித்துத் தருகிற பக்கேஜுகள் இருக்கின்றன. அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு நித்திரை கொள் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? எந்த நேரமும் பாவிக்கக்கூடியதாக மாற்றுங்கள், இரவில் சார்ஜ் போடுகிற இடம் அம்மம்மாவின் கட்டில் பக்கம் என்று வையுங்கள்.

பறிக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். யாராவது அவனிடம் படம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டினால், 'அம்மாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும்' என்று பயந்த பிள்ளை உங்களிடம் வாய் திறக்காது. மிரட்டுகிறவனும் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறான். 'எது நடந்தாலும் சொல்லு, அடிக்கவும் மாட்டேன், போனையும் எடுக்க மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அப்படி ஏதும் நடந்தால் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போய்க் கதைக்கலாம்.

வட்ஸ்அப் இருக்கட்டும், தகப்பனோடு கதைப்பதும் அதில்தானே. அதன் அமைப்புகளில், குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'எனது தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள், முன்பின் தெரியாதவர்கள் அவனைத் தங்கள் குழுக்களுக்குள் இழுத்துப்போட முடியாது.