வாசகர் கேள்வி பதில்: அந்தப் பழுப்புச் சேறு வீண் இல்லை

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. ஆசையாக ஆறு கலர் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் குழப்பிச் சேறு மாதிரி பழுப்பாக்கிவிட்டு, பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேப்பர் கிழியும்வரை இரண்டு கையாலும் தேய்க்கிறாள். ஒரு கோடுகூட உருப்படியாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரையச் சொல்லிக் கொடுக்கட்டுமா, இல்லை, இந்த வயதுக்குப் பெயின்ட்டே வேண்டாமா?

பதில்: பெயின்ட் வேண்டும், சொல்லிக் கொடுப்பதுதான் இப்போதைக்கு வேண்டாம். பெயின்ட்டைப் பார்த்ததும் பெரியவர்களுக்குப் படம் ஞாபகம் வருகிறது. உங்கள் மகளுக்கு அது குளிர்ச்சியாக, வழவழவென்று, தொட்ட இடமெல்லாம் தடம் விடுகிற ஒரு புதுப் பொருள், அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்றுதான் அவள் பார்க்கிறாள். மஞ்சளில் நீலம் பட்டதும் பச்சை வந்தது, அதில் சிவப்பு விழுந்ததும் பச்சை போய்விட்டது, ஈரம் கூடினால் பேப்பர் நைந்து கிழிகிறது. இதையெல்லாம் நீங்கள் உட்கார வைத்துச் சொன்னால் அவளுக்கு ஏறாது, கையால் செய்து பார்த்ததால் ஏறியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் நிறையவே வேலை பார்த்திருக்கிறாள் அம்மா.

இந்த வயதில் கை தோளிலிருந்து அசைகிறது. விரல்களுக்கு இன்னும் அந்தப் பிடி வரவில்லை, கிரேயானை முஷ்டியால் பிடிப்பதுதான் இயல்பு, மூன்று விரல் பிடி பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல்தான் படியும். அதனால் சின்ன பேப்பரும் மெல்லிய பிரஷ்ஷும் அவளுக்குத் தண்டனை மாதிரி. பெரிய பேப்பரைச் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள், நின்றபடி கையை வீசித் தேய்க்கட்டும். உடைந்த கிரேயான் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள், குட்டையான துண்டு விரல் நுனியால் பிடிக்கத் தானாகவே பழக்கும்.

ஓவியக் கல்வி பற்றி எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே இரண்டு முதல் நான்கு வயதுவரை கிறுக்கல் பருவம் என்று பிரித்துக் காட்டினார். முதலில் கை போன போக்கில் கோடு போகும். அப்புறம் ஒருநாள், தன் கை நகர்வதால்தான் கோடு வருகிறது என்று குழந்தை கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு கிறுக்கலைக் காட்டி "இது நாய்" என்று பெயர் சொல்லும், கொஞ்ச நேரத்தில் அதே கிறுக்கல் பஸ் ஆகிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படிகளில் ஏறித்தான் வருகிறார்கள்.

பழுப்பு நிறம் உங்களை உறுத்துகிறது என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சாயமும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது, ஆறும் சேர்ந்தால் பழுப்புதான் மிஞ்சும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு நிறம் மட்டும் வையுங்கள். இன்று மஞ்சளும் சிவப்பும், இன்னொரு நாள் நீலமும் வெள்ளையும். அதுவும் மூடியில் ஒரு கரண்டி அளவு போதும். என்ன பொருள், எங்கே, எவ்வளவு என்பது உங்கள் முடிவு. தரையில் பழைய துணி, உடம்பில் பழைய சட்டை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் என்று முன்னாலேயே ஏற்பாடு செய்துவிட்டால் நடுவில் "ஐயோ, கொட்டாதே" என்று கத்த வேண்டியிருக்காது. ஆனால் மேஜைமேல் வைத்த பிறகு அது அவள் பொருள். "என்ன வரைஞ்சிருக்கே?" என்று கேட்காதீர்கள், அவள் எதையும் வரையவில்லையே. "இந்த ஓரத்துல ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும், சும்மா பக்கத்தில் இருந்தாலும் போதும்.

கேள்வி: ஒன்றரை வயது மகன் கிரேயான், பெயின்ட், மாவு எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: அவனுக்கு வாயும் ஒரு கைதான், அதனால் பொருளைத்தான் மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கானது, நச்சற்றது என்று அச்சிட்டதை மட்டும் கொடுங்கள். ஓவியர்களின் பெயின்ட் சிலவற்றில் காட்மியம் போன்ற உலோகம் உண்டு, அது வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம், பச்சை மாவைத் தின்ன விடாதீர்கள். சோள மாவைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்த கூழ் விரலால் பூசிப் பார்க்க அருமையாக இருக்கும். மணி, பொத்தான் மாதிரி தொண்டையில் அடைக்கிற சைஸில் எதுவும் வேண்டாம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டை கண்டிப்பாகக் கூடாது, விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துவிடும். இதெல்லாம் கவலையாக இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரும் தடித்த பிரஷ்ஷும் கொடுத்துக் காய்ந்த தரையில் விடுங்கள். பூசியது கண்முன்னே மறைவதை அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பான். எது கொடுத்தாலும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: நாலு வயதுப் பேரன் "எனக்கு வராது, நீங்களே யானை வரைஞ்சு குடுங்க தாத்தா" என்கிறான். வரைந்து கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான், தான் தொடுவதே இல்லை.

பதில்: ஐயா, நீங்கள் அன்பாகத்தான் வரைந்து கொடுத்தீர்கள். ஆனால் அந்த யானை அவன் கண்ணுக்கு ஒரு அளவுகோலாக நின்றுவிட்டது, அதன் பக்கத்தில் தன் கோடு அவனுக்கே பிடிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு அவன் முன்னால் உருவம் எதுவும் வரையாதீர்கள். அவன் கேட்டால், "யானைகிட்ட உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். தும்பிக்கை என்றால் அந்தத் தும்பிக்கை மட்டும் வரட்டும். அதற்கும் மறுத்தால் பேப்பரை விட்டுவிட்டுக் களிமண்ணை எடுங்கள், களிமண்ணில் பிடிக்காததை நசுக்கிவிட்டு மறுபடி செய்யலாம், தப்பு என்று எதுவும் நிற்காது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா உருட்டுங்கள், பிசையுங்கள். அப்புறம் அவன் மனிதன் வரைந்து, தலையிலிருந்து நேராகக் கால் முளைத்திருந்தால் "உடம்பு எங்கேடா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் முதலில் அப்படித்தான் வரைகிறார்கள்.

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. பெற்றோர் தினமும் வீட்டுக்கு ஒரு "அழகான" வேலைப்பாடு வர வேண்டும் என்கிறார்கள். கடைசியில் வெட்டி, ஒட்டி, முடித்துக் கொடுப்பது நான்தான். நன்றாகச் செய்தால் ஸ்டிக்கர் தருகிறோம். இது சரியா?

பதில்: உங்களுக்கே மனசு ஒப்பவில்லை என்று கேள்வியிலேயே தெரிகிறது. நீங்கள் முடித்துக் கொடுத்தது உங்கள் வேலைப்பாடு, பிள்ளைக்கு அதில் கிடைத்தது காத்திருப்பு மட்டும்தான்.

ஸ்டிக்கர் விஷயத்தில் ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்புகிற சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். ஏற்கெனவே இருந்த ஆசையைப் பரிசு அரித்துவிட்டது. ஸ்டிக்கரை நிறுத்திவிடுங்கள், அந்த ஸ்டிக்கரையே பேப்பரில் ஒட்டி விளையாடப் பொருளாக வையுங்கள்.

பெற்றோருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்பதும் நியாயம்தான். பிள்ளை செய்துகொண்டிருக்கும்போது ஒரு போட்டோ எடுங்கள், செய்யும்போது அது சொன்ன வாக்கியத்தை அப்படியே பேப்பரின் பின்னால் எழுதி அனுப்புங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு வைக்கிற அதே பெயின்ட்டை அவர்கள் முன்னாலும் வைத்துப் பத்து நிமிடம் எதுவும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். கை நனைந்த பிறகு பேச்சை ஆரம்பிக்கலாம்.